சேமிக்கப்பட்டது என்று சொன்ன பெட்டி

மென்பொருள் எழுதப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எங்கெங்கே இடறி விழுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பதினோரு கம்ப்யூட்டர்களோடு நடக்கும் பயிற்சி மையத்தில் இதைத்தான் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருவர் பட்டனை அழுத்துவார், திரை வெளுத்துப்போய் அப்படியே நின்றுவிடும். "சார், ஹேங் ஆயிருச்சு" என்பார். ஹேங் எல்லாம் ஆகவில்லை. பெரிய கோப்பு ஒன்றைப் படிக்கும் வேலையையும் திரையை வரையும் வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டியிருப்பார். டீ ஆற்றுகிறவரே கிளாஸும் கழுவினால் கடை முன்னால் கூட்டம் நிற்கத்தான் செய்யும். படிக்கிற வேலையைத் தனியாகப் பின்னால் ஓடவிடுங்கள் என்றால் சரியாகிவிடும். இன்னொருவர், "வீட்ல ஓடுச்சு சார், இங்க ஓட மாட்டேங்குது" என்று வருவார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் டி டிரைவில், அவர் பெயரில் உள்ள ஃபோல்டரில்தான் போய்த் தேட வேண்டும் என்று நிரலில் எழுதிவைத்திருப்பார். அந்த ஃபோல்டருக்கு இங்கே எங்கே போவது? மூன்றாமவருக்குத் தேதிச் சிக்கல். அவர் நாளை முதலில் எழுதுவார், கம்ப்யூட்டர் மாதத்தை முதலில் படிக்கும். பன்னிரண்டாம் தேதி வரை ஒன்றும் தெரியாது. பதின்மூன்றாம் தேதி வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

இதற்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை. நான் கோபக்காரன்தான். மையத்தில் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரும் தெரியும், இங்கே எழுத மாட்டேன். ஆனால் என் குரல் தெருவரை கேட்பது ஒரே ஒரு தப்புக்குத்தான். நிரலில் ஏதாவது பிசகினால் அதைப் பிடித்து, என்ன பிசகியது என்று சொல்வதற்கென்றே ஓர் இடம் உண்டு. கேட்ச் என்பார்கள். புதியவர்கள் பலர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். தப்பு நடக்கும், பிடிபடும், ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. உட்கார்ந்து டைப் அடிக்கிறவர் எல்லாம் நல்லபடியாக நடந்ததாக நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

போன ஆவணி மாதம் அப்படி ஒருவரிடம் கத்தினேன். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வளைகுடாவில் பதினைந்து வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, பொன்னமராவதியில் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கடையில் என்ன பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருளைத் தானே எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நல்ல மனிதர். அவர் எழுதியதைத் திறந்து பார்த்தால் ஏழு இடத்தில் கேட்ச், ஏழும் காலி.

"என்னங்க இது? எதுக்கு இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க?"

"எர்ரர் பொட்டி வந்தாலே நெஞ்சு பதறுது சார். அதான் வாயக் கட்டிட்டேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, என்னென்னவோ பேசினேன். மற்ற பத்துப் பேரும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தப்புத்தான் சார். திருத்திப்புடுறேன். ஆனா இத நான் இன்னும் யாருக்கும் குடுக்கலையே. நீங்க ஏன் சார் இம்புட்டு கோவப்படுறீங்க?"

நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. நான் கொடுத்திருந்தேன்.

எட்டு வருடங்களுக்கு முந்தைய கதை. அப்போது நான் மையத்தில் சேர்ந்த புதிது. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தும் ஒரு தொண்டு அமைப்பின் அலுவலகம் பக்கத்துத் தெருவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம். கண்புரை இருக்கிறவர்களைப் பிரித்து ஆளுக்கு ஒரு பாரம் நிரப்புவார்கள். அந்தப் பாரங்களை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பட்டியல் எடுப்பார்கள். குறித்த நாளில் வேன் அந்த ஊருக்குப் போய், பட்டியலில் உள்ளவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அறுவை சிகிச்சைக்கு ஏற்றிக்கொண்டு வரும். பட்டியல் எடுக்கும் மென்பொருளை எழுதித் தர முடியுமா என்று அமைப்பின் செயலாளர் என்னிடம் கேட்டார். என் முதல் மென்பொருள் அதுதான். 'இதைப் பற்றி' என்ற பட்டனை அழுத்தினால் என் பெயர் பெரிய எழுத்தில் வரும்படி வைத்திருந்தேன். அந்தப் பட்டனுக்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தேன்.

ஒரே ஆளை இரண்டு முகாமில் இரண்டு தடவை பதிந்துவிடுகிறார்கள் என்று செயலாளர் குறைபட்டிருந்தார். நான் ஒரு யோசனை செய்தேன். பெயர், இனிஷியல், ஊர், பிறந்த தேதி நான்கும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள். இரண்டாவது தடவை ஏற்ற முடியாது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடாத தப்பு அது. கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் அண்ணன் தம்பி பிள்ளைகள் நான்கு பேருக்கும் குலதெய்வத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். மேலவீட்டு, கிணத்தடி, நெட்டை என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஆதார் அட்டையில் மேலவீடும் கிணத்தடியும் வராது. பிறந்த தேதியும் அப்படித்தான். வயதானவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஒரு வருடத்தை உத்தேசமாகச் சொன்னால் ஜனவரி ஒன்று என்று பதிந்துவிடுவார்கள். என் சொந்தப் பெரியப்பாவுக்கும் ஜனவரி ஒன்றுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

மென்பொருளைச் செயலாளருக்கு ஓட்டிக் காட்டுவதற்கு முந்தின நாள், சேமிக்கும்போது சிவப்பு அடையாளத்தோடு ஒரு எர்ரர் பெட்டி வந்தது. என்ன ஏது என்று பார்க்கப் பொறுமை இல்லை. சேமிக்கிற வரிகளைச் சுற்றி ஒரு கேட்ச் போட்டுக் காலியாக விட்டேன். அதற்குக் கீழே, 'சேமிக்கப்பட்டது' என்ற பெட்டி வழக்கம்போல வந்தது. சேமித்தாலும் வரும், சேமிக்காவிட்டாலும் வரும்.

அலுவலகத்தில் டைப் அடித்தவர் ஓர் அக்கா. தினமும் கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். இரண்டு பெண் பிள்ளைகள். அவர் வேலை செய்வதைப் பார்த்தாலே ஒரு ஒழுங்கு தெரியும். பாரத்தை அடிப்பார், 'சேமிக்கப்பட்டது' என்று பெட்டி வந்த பிறகு பாரத்தின் மூலையில் பச்சை மையில் டிக் போடுவார், பிறகுதான் கவிழ்த்து வைப்பார். நான் போனால், "வாங்க தம்பி, ஒங்க சாப்ட்வேரு பறக்குது" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒரு முகாமில் பெரியப்பா மகள், சித்தப்பா மகள் என்று இரண்டு பெண்கள், அறுபதைத் தாண்டியவர்கள், பாரம் நிரப்பியிருந்தார்கள். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே ஊர், இருவருக்கும் ஒரே வருடத்து ஜனவரி ஒன்று. இருவரும் ஒரே கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். வேன் போன அன்று பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்து வந்திருக்கிறார்கள். பட்டியலில் ஒரு பெயர்தான் இருந்தது. வேனோடு போயிருந்த பணியாளர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார். அக்கா தேடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதாண்ணே இருக்கு" என்றிருக்கிறார். மூத்தவர் வேனில் உட்கார்ந்துவிட்டார். சின்னவர் படியில் ஒரு காலை வைத்திருந்தவர், இறக்கிவிடப்பட்டார். அடுத்த முகாமுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வேன் வந்துவிட்டது.

அடுத்த முகாமுக்கு அவர் வரவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க இறக்கிவிட்ட வேனில் இனி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரோசக்காரி. நான்கைந்து மாதத்தில் புரை முற்றிக் கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது. வலி தாங்காமல் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அவருடைய மகன் பாரத்தின் நகலோடு அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் போனபோது செயலாளர் அந்தப் பழைய பாரத்தைக் கட்டிலிருந்து உருவி மேசைமேல் வைத்திருந்தார். மூலையில் பச்சை டிக்.

"டிக் மட்டும் போட்டுட்டு அடிக்காம விட்ருக்கீங்க. ஒரு மனுசியோட கண்ணும்மா இது!"

"அடிச்சேன் சார். அடிச்சாத்தானே சார் டிக் போடுவேன்."

"அடிச்சது எங்கம்மா போச்சு, காத்துலயா?"

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பாரத்தில் இருந்ததை அப்படியே அடித்துப் பட்டனை அழுத்தினேன். 'சேமிக்கப்பட்டது' என்றது. தேடினேன். மூத்தவரின் பதிவு மட்டும் வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். என் முகம் வேர்த்திருந்ததைப் பார்த்துவிட்டு, அழுத கண்ணோடு போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

செயலாளர் கேட்டார். "சாப்ட்வேர்ல ஏதும் கோளாறா தம்பி?"

"சாப்ட்வேர் சரியாத்தாங்க சார் இருக்கு. என்ட்ரி விட்டுப்போயிருக்கும்."

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. என் பெயர் பெரிய எழுத்தில் வரும் அந்தப் பட்டனைத் தவிர நான் இழப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அதற்காகச் சொன்னேன்.

மறுநாளே நிரலைத் திருத்தினேன். ஒவ்வொரு பாரத்துக்கும் தனி எண், கேட்சில் முறையான எச்சரிக்கை, சேமித்தால் மட்டும் பெட்டி. பென் டிரைவில் கொண்டுபோய், "இன்னும் வேகமா ஓடுறதுக்கு ஒரு சின்ன மாத்தம்" என்று சொல்லி ஏற்றினேன். பழைய பாரங்களையெல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து சரிபார்த்தேன். இதேபோல விடுபட்ட மூன்று பேர் கிடைத்தார்கள். அவர்களைச் சத்தமில்லாமல் பட்டியலில் சேர்த்தேன். என்ன அக்கறையான பிள்ளை என்று செயலாளர் பாராட்டினார். மூன்று பேரைக் காப்பாற்றிவிட்டோம், கணக்கு நேராகிவிட்டது என்று நானும் என்னை நம்பவைக்கப் பார்த்தேன். வெட்கம்கெட்டவன்.

அக்காவைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, முகாமில் நாற்காலி போடும் வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து அவர் நின்றுவிட்டார். கந்தர்வக்கோட்டையில் ஆன்லைன் விண்ணப்பம் போடும் சின்னக் கடை வைத்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தஞ்சாவூர் போகிற பஸ் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகும். எட்டு வருடமும் நான் பஸ்ஸில் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததில்லை.

மெக்கானிக்கிடம் கத்திய மூன்றாம் நாள் கந்தர்வக்கோட்டைக்குப் போய் இறங்கினேன்.

"அட, வாங்க தம்பி! என்ன இங்கிட்டு? எம்புட்டு வருசம் ஆச்சு, ஒக்காருங்க. இந்த அண்ணனுக்கு மட்டும் முடிச்சுட்டு வாரேன்."

கொஞ்சம் மெலிந்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். ஒரு விவசாயிக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்துப் பட்டனை அழுத்தியதும், வெற்றிகரமாகப் பதியப்பட்டது என்று திரையில் வந்தது. விவசாயி எழுந்துவிட்டார். அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பெயர், அப்பா பெயர், ஊர், தேதி, மணி என்று திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதத் தொடங்கினார்.

"அதான் ஏறிருச்சுன்னு வந்துருச்சேம்மா. எனக்கு பஸ்ஸு போயிரும்."

"ஒரு நிமிசம்ண்ணே. இதுல ஒரு கையெழுத்துப் போட்ருங்க. திரும்ப ஒருக்கா தேடிப் பாத்துட்டா நிம்மதி."

தேடிப் பார்த்தார். இருந்தது. அதற்குப் பிறகுதான் அவரை விட்டார். அலமாரியில் அதே மாதிரி நோட்டுகள் முதுகில் வருடம் ஒட்டி வரிசையாக இருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்.

"எல்லாரும் திட்டத்தான் செய்யிறாங்க தம்பி. எதுத்த கடையில அஞ்சு நிமிசத்துல முடிச்சு விட்டுர்றாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க, ஒருக்கா பட்டுட்டேன்ல. நான் ஒரு பேர விட்டதுக்கு ஒரு கண்ணு போச்சு."

"அவங்கள அப்புறம் பாத்தீங்களா அக்கா?"

"மாசம் ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போறேன். மிச்சமிருக்க கண்ணப் பாத்துக்கணும்ல. மகன் வெளிநாட்டுல கெடக்கு. மொதல்ல மூஞ்சி குடுத்துப் பேசாது அந்த ஆத்தா. இப்ப எம் மக மாதிரி நீயின்னு சொல்லும்." நோட்டை இழுப்பறைக்குள் வைத்தார். "அன்னைக்கு கரண்டு போச்சு தம்பி. கரண்டு வாரதுக்குள்ள அந்தப் பாரத்துக்கு டிக்கப் போட்டு முடிஞ்ச கட்டுல வச்சுட்டேன். இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்கிது."

அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. நடக்காத ஒன்று எட்டு வருடமாக அவர் கண்ணுக்குள் நிற்கிறது. அதை அங்கே நிறுத்தியவன் எதிரே உட்கார்ந்து அவர் வாங்கித்தந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அக்கா, நீங்க அந்தப் பாரத்த அடிச்சீங்க."

அவர் சிரித்தார். "ஆறுதலுக்குச் சொல்லாதீங்க தம்பி."

நான் ஒரு தாளை எடுத்து இரண்டு பெண்களின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பெயர், இனிஷியல், ஊர், ஜனவரி ஒன்று. என் நிரல் இரண்டையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளியதையும், தள்ளிவிட்டுச் சேமிக்கப்பட்டது என்று பொய் சொன்னதையும் விளக்கினேன். வகுப்பில் நூறு தடவை விளக்கியதுதான், ஆனால் நாக்கு குழறியது. அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கேக்கா. நீங்க எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தீங்கள்ல, அதுக்கு முன்னாடியே தெரியும்."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப நான் அடிச்சேன்."

"அடிச்சீங்க அக்கா."

"பொட்டி வந்துச்சு?"

"வந்துச்சு."

"எம் பெரிய மக கேட்டா, ஏம்மா கொஞ்சம் கவனமா இருந்துருக்கக் கூடாதான்னு. ஆமாடி, கவனமில்லாமப் போயிட்டேன்னு சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "வார செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறோம். காலையில ஏழு மணி பஸ்ஸு. ஆத்தாகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க சார்."

அவர் என்னை சார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்றேன். அந்தச் செயலாளரிடமும் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

கடைக்கு ஒரு பெண் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க வேண்டும் என்று வந்தார். அக்கா அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்தார். விவரங்களைக் கேட்டுக் கேட்டு அடித்தார். பட்டனை அழுத்தினார். வெற்றிகரமாகப் பதியப்பட்டது என்று திரையில் வந்தது. அவர் கை வழக்கம்போல இழுப்பறைக்குப் போனது. பாதியில் நின்றது. திரையைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகு நோட்டை எடுத்து, அந்தப் பெண்ணின் பெயரை எழுத ஆரம்பித்தார்.